அக்காவின் கேசட்டும் மஸ்கட் ஸ்பீக்கரும்

எங்கள் வீட்டுக்கு ஸ்பீக்கர் வந்தபோது ஆம்பிளிஃபயர் வரவில்லை. எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது சரிதானா என்று தெரியவில்லை. எது எதிலிருந்து தொடங்குகிறது என்பது பகவானுக்குத்தான் தெரியும்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. அம்மாவின் அண்ணன், என் மாமா, மஸ்கட்டில் இருந்தார். ஒரு நவராத்திரி சமயம் லீவில் வந்தவர் ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் என் கழுத்து உயரம். கறுப்புத் துணி போட்ட முகம். பின்னால் நூறு வாட்ஸ் என்று அச்சடித்த தகடு. மாமா அந்தத் தகட்டை வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் குனிய வைத்துக் காட்டினார். ஆம்பிளிஃபயர் பாரம் அதிகம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த தடவை கொண்டுவருவாராம்.

அம்மா இரண்டு ஸ்பீக்கருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பழைய பட்டுத்துணியைக் கிழித்து உறை போட்டாள். பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இது எந்தா, அலமாரியோ?" என்று கேட்டாள்.

"பாட்டுப் பெட்டியாக்கும். மஸ்கட்டுலேருந்து" என்றாள் அம்மா.

"எங்கில் ஒந்நு பாடட்டே."

"இப்பம் பாடாது" என்று அம்மா சொன்ன விதத்தில், பாடாமல் இருப்பதுதான் அதன் பெருமை என்பது போலிருந்தது.

அந்தப் பெட்டிகளைப் பார்த்து அதிகம் சந்தோஷப்பட்டது அக்காதான். என்னைவிட ஆறேழு வயது பெரியவள். பாடுவாள். பாட்டு வாத்தியார் யாரும் கிடையாது. கோயிலில் கேட்டது, ரேடியோவில் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் அவள் பாட ஆரம்பித்தால் அம்மா அடுக்களையில் தாளிப்பதை நிறுத்திவிடுவாள், சத்தம் மறைக்கும் என்று.

சரஸ்வதி பூஜை அன்று மாமா தன் டேப் ரெக்கார்டரை எடுத்துவைத்தார். புத்தகங்களெல்லாம் பூஜைக்கு அடுக்கிவிட்டதால் எங்களுக்குப் படிப்பும் இல்லை. அம்மா அக்காவுக்குப் புதுக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டிருந்தாள், இரண்டு கை நிறைய. அக்கா சாமி முன்னால் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள். ஒவ்வொரு தட்டுக்கும் வளையல் குலுங்கியது. பாட்டு முடிந்ததும் அவள் கேட்டாள், "மாமா, என் கொரலு அந்தப் பெட்டியில வருமா?" மாமா சொன்னார், "அடுத்த தடவ வரட்டும் பிள்ளே, தெரு முழுக்கக் கேக்கும்." இதெல்லாம் அந்தக் கேசட்டிலேயே பதிந்திருந்தது. அதனால்தான் எனக்கு வார்த்தை மாறாமல் தெரிகிறது.

மாமா கேசட்டை எங்களிடம் கொடுத்துவிட்டு, டேப் ரெக்கார்டரோடு மஸ்கட் திரும்பினார். கேட்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லாததால் கேசட் சாமி அலமாரியில் இருந்தது.

மாசி மாதம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். அம்மா வேண்டாத தெய்வமில்லை. சிவராத்திரிக்கு முந்தின நாள் அக்கா போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

வீட்டில் பாட்டு, ரேடியோ எல்லாம் நின்றது. ஒரு வருஷத்துக்கு அப்படித்தான் என்றார்கள். அப்பா மட்டும் கடையிலிருந்து வந்ததும் சாமி அலமாரியைத் திறந்து அந்தக் கேசட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். சித்திரையில் ஒருநாள் அம்மாவிடம் சொன்னார், "பிள்ள ஆசப்பட்டுக் கேட்டா. அந்தப் பெட்டியில அவ கொரல ஒரு தடவையாவது வர வைக்கணும்."

கிழக்கேகோட்டைப் பக்கம் ஆம்பிளிஃபயர் செய்து கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் என்று விசாரித்து, ஒரு பெரிய ஆம்பிளிஃபயரைக் காட்டினார். அப்பா அதைத் தொடக்கூட இல்லை. இவ்வளவு சக்தியை விட்டால் ஸ்பீக்கர் பொரிந்துபோகும், தனக்குச் சின்னது போதும் என்றார். பதினைந்து வாட்ஸில் ஒன்று இருந்தது. கடைக்காரர் அது அந்தப் பெட்டிகளுக்குப் போதாது என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"பெரிய அண்டாவ சின்ன அடுப்புல வச்சா அடி பிடிக்குமா? பிடிக்காதுல்லா?" என்று கேட்டார். வருஷக்கணக்கில் அண்டா விற்கிற மனிதர். கடைக்காரர் சின்னதையே எடுத்துக் கட்டினார்.

அப்பா கஞ்சத்தனத்தால் சின்னதை வாங்கவில்லை என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். மகளுடைய குரல் வந்து உட்காரப் போகிற இடம், அதற்கு ஒரு கீறல் விழுந்துவிடக்கூடாது என்று பயந்துதான் சின்னதை வாங்கினார். கூடவே ஒரு கேசட் டெக்கும் வாங்கி, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தோம்.

முதல்நாள் விளக்கு ஏற்றிவிட்டுப் போட்டார்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு மாமா தொண்டையைச் செருமினார். பிறகு அக்கா பாடினாள். அம்மா பட்டு உறையை விலக்கி ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் நெற்றிக் குங்குமம் அந்தக் கறுப்புத் துணியில் ஒட்டியது கடைசி வரைக்கும் போகவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் அக்கா பாடினாள். மாமா பதிவு செய்தபோது மைக்கைத் தள்ளி வைத்திருந்தாரோ என்னவோ, குரல் கேசட்டில் மெதுவாகத்தான் பதிந்திருந்தது. அம்மாவுக்கு அடுக்களையில் நின்று கேட்க வேண்டும், அக்கா இருந்தபோது கேட்டது போல. "இன்னுங்கொஞ்சம் வைங்க" என்பாள். அப்பா திருகுவார். "வளையச் சத்தம் செரியா கேக்கல." அப்பா அதற்கென்று இருக்கிற இன்னொரு குமிழையும் திருகுவார். ஒரு வாரத்துக்குள் இரண்டு குமிழும் அதற்கு மேல் திரும்பாத இடத்துக்குப் போய்விட்டன. பிறகு அவற்றை யாரும் திருப்பவே இல்லை.

அப்படி வைத்தபோது குரலின் ஓரத்தில் ஒரு கிழிசல் கேட்கும். உச்சத்தில் போகும்போது கரகரவென்று உடையும். அது அழுகை போல இருக்கிறது என்று அம்மா சொன்னாள். "பாடும்போ அவளுக்குக் கண்ணு நெறையும்லா, அதான்." அந்தக் கரகரப்பு வருகிற இடத்துக்கு அம்மா காத்திருந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம், அம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் புகை. அக்கா பாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பாடுவது போல ஆனாள். அப்பா நிறுத்தி, மறுபடி போட்டார். பாட்டு இருந்தது, வார்த்தை இல்லை. அம்மா சாம்பிராணிக் கரண்டியோடு நடு வீட்டில் நின்றாள். வெகுநேரம் கேட்டாள்.

"வளையச் சத்தம் காணோமே" என்றாள்.

வளையல் சுத்தமாக இல்லை. தாளம் தொடையில் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

அன்று என்ன நடந்தது என்பது எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் வாங்கப் போன இடத்தில், சின்ன ஆம்பிளிஃபயராகப் பார்த்துக் கேட்டேன். கடையில் இருந்தவர் வேண்டாம் என்று காரணம் சொன்னார். சின்ன ஆம்பிளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகினால் பாட்டின் அலை உச்சியில் வெட்டுப்பட்டுப் போகுமாம். அந்த வெட்டெல்லாம் கூர்மையான சத்தமாக மாறி, பெட்டிக்குள் மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்குப் போகுமாம். வளையல், மணி, எழுத்துகளின் கூர்மை எல்லாம் கேட்பது அந்தச் சின்னதில்தானாம். அதற்குள் தலைமயிர் மாதிரி ஒரு கம்பி. அது சூடேறி எரிந்துவிடுமாம். பெரிய ஆம்பிளிஃபயராக வாங்கி அளவாக வைத்துக் கேட்டிருந்தால் ஒன்றும் ஆகாதாம். எங்கள் வீட்டில் ஒரு பெட்டியில் முதலிலேயே எரிந்திருக்க வேண்டும், நாங்கள் கவனிக்கவில்லை. அன்று இரண்டாவதும் எரிந்தது. எரிகிற வாசனை சாம்பிராணியில் கலந்துபோயிற்று.

கேசட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அக்கா அதில் வளையலோடு முழுசாகத்தான் இருந்தாள்.

அந்த வாரம் மாமா மஸ்கட்டை விட்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஆம்பிளிஃபயரையும் டேப் ரெக்கார்டரையும் அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். அப்பா கேசட்டைப் போட்டுக்காட்டி, பெட்டியில் ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று கேட்டார். மாமா தகட்டைத் தட்டிக்காட்டினார். "நூறு வாட்ஸ் பெட்டி மாப்ளே. உங்க பதினஞ்சு வாட்ஸ் அத நுள்ளக்கூட செய்யாது. தெனமும் போட்டுப் போட்டு டேப்பு தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

அப்பா தலையாட்டினார். அவர் சொன்ன அண்டாவும் அடுப்பும்தான் இது. அவருக்கே தெரிந்த நியாயம்.

வேறு ஏதாவது கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். துக்க வருஷம், வீட்டில் வேறு கேசட்டே கிடையாது. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று அப்பா ஒருமுறை எழுந்தார். சேச்சியின் மகள் பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக இருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் செத்த பிள்ளையின் குரலைக் கொண்டுபோய் வைப்பதா என்று அம்மா சொல்லவும் அப்பா உட்கார்ந்துவிட்டார். சேச்சி அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனாலும் அம்மா சொன்னது சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பாட்டைப் போடச் சொல்லவில்லை. அப்பா போட்டாலும் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். ஆடி அமாவாசை நெருங்கியது. கேரளத்தில் அதைக் கர்க்கடக வாவு என்பார்கள். செத்தவர்களுக்குப் பலி போடுகிற நாள். அதற்கு ஒரு வாரம் முன்பு அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாம தெனமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளப் போகவிடாம வச்சிருக்கோம். அவளா வளையலக் கழத்தி வச்சிட்டுப் பொறப்பட்டுட்டா. மிச்சத்தையும் குடுத்து அனுப்பிருங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. கடைசியில் சாமியிடம் கேட்டுவிடலாம் என்றார்.

எங்கள் வீட்டில் எதைத் தீர்மானிக்க வேண்டுமென்றாலும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். அப்பா குளித்துவிட்டு வந்து, வாழை இலையைக் கிழித்து, ஒரு பொட்டலத்தில் அரளிப்பூவும் ஒன்றில் நந்தியாவட்டையும் வைத்து நூல் சுற்றி முருகன் படத்தின் முன் போட்டார். சிவப்பு வந்தால் கேசட் வீட்டில் இருக்கும். வெள்ளை வந்தால் போகும். எடுக்க வேண்டியது நான், வீட்டில் வேறு குழந்தை இல்லையே. எனக்குச் சிவப்பு வரவேண்டும் என்று ஆசை. கண்ணை மூடிக்கொண்டு முருகா என்று சொல்லி எடுத்தேன். அப்பா நூலைப் பிரித்தார். வெள்ளை.

அம்மா கீழே விழுந்து கும்பிட்டாள். அப்பா அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் இன்றைக்கும் இரண்டு வேளை விளக்கேற்றுகிறேன். சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிறேன். எத்தனையோ கேட்டிருக்கிறேன், கேட்டதைக் கொடுத்தும் இருக்கிறான். அந்த வெள்ளைப் பூவைப் பற்றி மட்டும் அவனிடம் நான் கேட்டதில்லை. பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

வாவு அன்று விடியும்போதே திருவல்லத்து ஆற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஈர வேட்டியோடு அப்பா வரிசையில் உட்கார்ந்து, எள்ளும் தர்ப்பையும் வைத்துப் பலி போட்டார். யாருக்கு என்று கேட்டபோது மகளுக்கு என்றார். கேட்டவர் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு பிண்டத்தையும் கேசட்டையும் இலையில் ஏந்திக்கொண்டு அப்பா ஆற்றில் இறங்கினார். நானும் அம்மாவும் படியில் நின்றோம்.

சோறும் எள்ளும் கரைந்து போயின. கேசட் போகவில்லை. அதன் பெட்டிக்குள் காற்று இருந்ததால் மிதந்து, சுற்றி, அப்பாவின் வயிற்றில் வந்து முட்டியது. அப்பா கையால் தள்ளிவிட்டார். மறுபடியும் வந்தது. பின்னால் இறங்கக் காத்திருந்த ஒருவர், "சேட்டா, ஒந்நு வேகம்" என்றார். அப்பா அதைப் பிடித்து மூடியைத் திறந்து தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். குமிழ்கள் வந்தன. குமிழ்கள் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்தான் தோளைத் தொட்டு அவரைக் கரையேற்றினார்.

ஆவணியில் மாமா வந்தார். வீடு இப்படி இருட்டிக் கிடக்கக்கூடாது, சாமி பாட்டுக்குத் துக்கம் கிடையாது என்று அம்மாவைச் சமாதானம் பண்ணி, கையோடு வாங்கிவந்த புதுக் கேசட்டைப் பிரித்தார். கண்ணாடிக் காகிதம் சரசரத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா அடுக்களையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா கேசட்டைப் போட்டார். பாட்டு மணியோசையில் தொடங்க வேண்டியது. மணி கேட்கவில்லை. எங்கோ மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பாடுவது போல ஒரு குரல் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பாடுவது போல.

அப்பா எழுந்தார். ஒரு பெட்டியின் பட்டு உறையை விலக்கி, அதன் மேல்பகுதியில் காதை வைத்தார். பிறகு அடுத்த பெட்டிக்குப் போய் அங்கேயும் வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டியில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தார். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "மாப்ளே, அப்பம் அந்தக் கேசட்டு..." என்று ஆரம்பித்தவரின் கையை அப்பா எட்டிப் பிடித்தார். பிடித்த பிடியில் மாமா அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அவர்களைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குப் பாட்டுதான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கேட்டேன், "அப்பா, இந்தப் பாட்டும் அக்கா பாட்டு மாதிரியே இருக்கே?"

அடுக்களையில் கிரைண்டர் நின்றது.

அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். குரலை நன்றாக உயர்த்திச் சொன்னார்.

"அது ஒனக்கு அவ நெனப்பு மக்களே. பாட்டு நல்லா தெளிவாத்தான் இருக்கு. மணிச் சத்தம் எல்லாம் கேக்குதுல்லா. இனிமே எந்தப் பாட்டக் கேட்டாலும் நமக்கு அக்கா பாடுத மாதிரிதான் இருக்கும்."

மாமாவும், "ஆமா பிள்ளே, நல்லா கேக்கு" என்றார்.

பிறகு கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அன்று ராத்திரியே அப்பா வயர்களைக் கழற்றிச் சுற்றிவைத்தார். ஆம்பிளிஃபயர் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அதை அவர் சரிசெய்யவே இல்லை. அவர் இறக்கும்வரை அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா போகும்வரை நானும் சொல்லவில்லை. பிள்ளையை நல்லபடியாக அனுப்பிவைத்தோம் என்ற நிம்மதியோடுதான் அம்மா போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் பாட்டையும் எங்கள் அக்காதான் பாடுகிறாள் என்று. அப்பா அவ்வளவு உரக்கச் சொன்னது எனக்காக என்றே நினைத்தேன். அது அடுக்களைக்குக் கேட்பதற்காக என்று எனக்கு அப்போது தெரியாது.